இல்லாத தட்டின் உயரம்



மை ஒற்றும் தாளை ஒரு விரல் அகலத்திற்கு நறுக்குங்கள். அதன் அடிப்பக்கத்தில், பேனாவில் ஊற்றும் கறுப்பு மையால் ஒரு சிறு புள்ளி வையுங்கள். தாளின் நுனி மட்டும் நீரில் படும்படி ஒரு கண்ணாடிக் குவளையில் தொங்கவிட்டுப் பாருங்கள். நீர் தாளில் ஏறும். அதனுடன் மையும் ஏறும். சற்று நேரத்தில் அந்தக் கறுப்பு பெரும்பாலும் கறுப்பாக இராது. நீலம் ஓரிடத்திலும், ஊதா ஓரிடத்திலும், மஞ்சளோ சிவப்போ வேறோர் இடத்திலுமாகப் பிரிந்து நிற்கும். பள்ளிப் பிள்ளைகளும் செய்து மகிழும் சோதனை இது.

ஆனால் இன்னொன்றையும் கவனியுங்கள். நாம் வைத்தது ஊசிமுனை அளவான புள்ளி. மேலே போய்ச் சேர்ந்ததோ நகம் அளவுக்குப் பரந்த கறை. நிறங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிய அதே வேளையில், ஒவ்வொரு நிறமும் தானும் விரிந்துகொண்டே போயிருக்கிறது. விலகுதல் நமக்கு நன்மை. விரிதல் நமக்குத் தீமை. இரண்டு நிறங்களும் விரிந்து விரிந்து ஒன்றின்மேல் ஒன்று படிந்துவிட்டால், பிரித்தும் பிரிக்காதது போலத்தான்.

வேதியியலார் இம்முறையைக் குரோமட்டோகிராபி என்பர். தமிழில் வண்ணப்பிரிகை எனலாம். இந்த முறையின் வரலாறு என்பது, பொருள்களைப் பிரிக்கக் கற்ற வரலாறு மட்டுமன்று. விரியும் பட்டையை விரியாமல் தடுக்கக் கற்ற வரலாறும் ஆகும். அதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தத் தீமையை அளப்பதற்கு அறிஞர்கள் பயன்படுத்திய அளவுகோல், உண்மையில் எங்குமே இல்லாத ஒரு தட்டின் உயரம். இல்லாத பொருளின் உயரத்தை அளந்து, இருக்கும் பொருளை எப்படிப் பிரித்தார்கள்? அதைத்தான் இன்று காணப்போகிறோம்.

கதை ஒரு தாவரவியலாரிடமிருந்து தொடங்குகிறது. அவர் பெயர் மிகயில் சுவெட். 1872-ஆம் ஆண்டு இத்தாலியில், உருசியத் தந்தைக்கும் இத்தாலியத் தாய்க்கும் பிறந்தவர். சுவிட்சர்லாந்தில் படித்து, பின்னர் வார்சா நகரில் பணிபுரிந்தார். அந்நாளில் வார்சா உருசியப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. இலையின் பச்சை நிறம் ஒரே பொருளா, பல பொருள்களின் கலவையா என்பது அவருக்கு எழுந்த கேள்வி. மெல்லிய கண்ணாடிக் குழாயில் சுண்ணாம்புத் தூளை, அதாவது கால்சியம் கார்பனேட்டை, இறுக அடைத்தார். இலைச்சாற்றைப் பெட்ரோலியம் ஈதரில் கரைத்து மேலிருந்து ஊற்றினார். பிறகு தூய கரைப்பானை ஊற்றிக்கொண்டே இருந்தார். குழாயினுள் பச்சையும் மஞ்சளுமாகப் பட்டைகள் தனித்தனியே இறங்கின. பச்சை ஒன்றல்ல, இரண்டு என்றும், மஞ்சள் பல என்றும் கண்டார். 1903-ஆம் ஆண்டு வார்சாவில் இதனைப் பற்றி உரையாற்றினார். 1906-ஆம் ஆண்டு செர்மானியத் தாவரவியல் இதழில் எழுதியபோது இம்முறைக்குக் குரோமட்டோகிராபி என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் அதற்கு நிற எழுத்து என்று பொருள். சுவெட் என்னும் அவர் பெயருக்கும் உருசிய மொழியில் நிறம் என்றுதான் பொருள்!

அவருடைய காலம் அவரைக் கண்டுகொள்ளவில்லை. இலைப் பச்சையத்தை ஆராய்ந்து 1915-ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்ற வில்ஸ்டாட்டர்கூட இம்முறையில் நம்பிக்கை வைக்கவில்லை. 1919-ஆம் ஆண்டு, தம் 47-ஆம் வயதில், சுவெட் மறைந்தார். 1931-ஆம் ஆண்டு ஐடல்பெர்க் நகரில் கூன், லெடரர், விண்டர்ஸ்டைன் ஆகியோர் அதே முறையால் கேரட்டின் மஞ்சள் நிறமியைப் பிரித்துக் காட்டிய பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது.

எனினும் அதுவரை இது ஒரு கைத்திறனாகவே இருந்தது. நல்ல தூள் கிடைத்தால் பட்டைகள் கூர்மையாக வரும். கெட்ட தூளானால் மங்கிப் பரவும். எவ்வளவு நன்று, எவ்வளவு தீது என்று எண்ணால் சொல்ல வழி இல்லை. அந்த எண்ணைத் தந்தவர்கள் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், கம்பளித் தொழில் ஆராய்ச்சிச் சங்கத்தின் ஆய்வுக்கூடத்தில் இருந்தனர்.

கம்பளிக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். ஆட்டு உரோமம் ஒரு புரதம். புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த மாலை. அம்மாலையில் எந்தெந்த அமிலம் எவ்வளவு இருக்கிறது என்று அறிந்தால்தான் கம்பளியின் இயல்பை உணர முடியும். ஆனால் இந்த அமிலங்களோ ஒன்றுக்கொன்று உடன்பிறந்தவை போன்றவை. நிறமும் இல்லை. அந்நாளைய முறைகளால் அவற்றைப் பிரிப்பது மிகக் கடினம்.

இவ்வேலையில் இறங்கியவர் இருவர். ஒருவர் ஆர்ச்சர் மார்ட்டின், 1910-இல் பிறந்தவர். மற்றவர் ரிச்சர்டு சிஞ், 1914-இல் பிறந்தவர். கம்பளி உற்பத்தியாளர் அமைப்பு ஒன்று தந்த உதவித்தொகையில் ஆராய்ந்தவர் சிஞ். மார்ட்டினோ சிறுவயது முதலே கருவிகள் செய்வதில் பித்தானவர். பள்ளிப் பருவத்தில், காலியான காப்பித் தகர டப்பாக்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பற்றவைத்து, உள்ளே கரித்துண்டுகளை நிரப்பி, திரவங்களைக் காய்ச்சி வடிக்கும் குழாய் செய்தவர் அவர். இந்தக் காப்பி டப்பாவை மறந்துவிடாதீர்கள், நேயர்களே. அது மீண்டும் வரும்.

ஒரு பொருளை நீரும் குளோரோபாரமும் சேர்ந்த குப்பியில் இட்டுக் குலுக்கினால், அது இரண்டிலும் ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் பங்கிட்டுக்கொள்ளும். சிறிது மாற்றம் செய்யப்பட்ட அமினோ அமிலங்களும் அவ்வாறே. ஒவ்வொன்றின் விகிதமும் சற்றே வேறு. ஒரு முறை குலுக்கினால் அந்த வேறுபாடு தெரியாது. பல முறை குலுக்கினால் தெரியும். எனவே நீர் ஒரு திசையிலும் குளோரோபாரம் எதிர்த் திசையிலும் ஓடும்படி இருவரும் ஒரு பொறி அமைத்தனர். ஏறத்தாழ 39 முறை குலுக்கியதற்கு ஒப்பான பிரிப்பு அதில் நடந்தது. ஆனால் அந்தப் பொறி ஓயாத தொல்லை கொடுத்தது. ஒரு வாரம் இரவு பகலாக மாறி மாறிக் காவல் இருக்க வேண்டும். அறை முழுதும் குளோரோபார ஆவி. நோயாளியை மயக்குவதற்கு மருத்துவர் பயன்படுத்திய ஆவி அல்லவா அது? தூக்கக் கலக்கமும் எரிச்சலும்தான் மிச்சம்.

அப்போது மார்ட்டினுக்கு ஓர் எண்ணம் எழுந்தது. இரண்டு திரவங்களும் ஏன் ஓட வேண்டும்? ஒன்று நிற்கட்டுமே! சிலிக்கா தூள் தன் எடையில் பெரும் பங்கு நீரைக் குடித்துவிட்டும் உலர்ந்த தூள் போலவே இருக்கும். அத்தூளைக் குழாயில் அடைத்தால் நீர் அதனுள் அசையாமல் நிற்கும். குளோரோபாரத்தை மேலிருந்து ஊற்றினால் அது மட்டும் ஓடும். நீரில் சிறிது மெத்தில் ஆரஞ்சு கலந்துவிட்டார்கள். நிறமற்ற அமிலங்கள் இருக்கும் இடம் செந்நிறப் பட்டையாகத் தெரிந்தது. பெரிய பொறி ஒரு வாரத்தில் செய்ததை ஒரு சிறு கண்ணாடிக் குழாய் அதைவிடப் பல மடங்கு நன்றாகச் செய்தது.

பல மடங்கு என்று சொன்னேன். அதை எப்படி அளந்தார்கள்? இங்கேதான் காப்பி டப்பா மீண்டும் வருகிறது.

எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் வானளாவி நிற்கும் கோபுரங்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுள் பல, உள்ளே தட்டுத் தட்டாக அமைந்தவை. ஒவ்வொரு தட்டிலும் ஏறும் ஆவியும் இறங்கும் திரவமும் சந்தித்து, பொருள்களைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டு பிரியும். தட்டுகள் கூடக் கூடப் பிரிப்பும் கூடும். ஆனால் தட்டுகளுக்குப் பதிலாகக் கல்லோ கரியோ நிரப்பிய குழாயில் தட்டு ஏது? அதனால் பொறியாளர்கள் 1920-களில் ஒரு தந்திரம் செய்தனர். நிரப்பிய குழாயில் எவ்வளவு நீளம், குறையில்லாத ஒரு தட்டின் வேலையைச் செய்கிறதோ, அந்த நீளத்தை ஒரு கற்பனைத் தட்டின் உயரம் என்று வைத்துக்கொண்டனர். கரி நிரப்பிய காப்பி டப்பாவுடன் வளர்ந்த மார்ட்டினுக்கு இந்தக் கணக்கு பழக்கமானது. அதை அப்படியே தம் சிலிக்கா குழாய்க்குக் கொண்டுவந்தார். குழாயை மெல்லிய துண்டுகளாக வெட்டியதாக எண்ணிக்கொள். ஒவ்வொரு துண்டிலும் நிற்கும் நீரும் ஓடும் குளோரோபாரமும் ஒருமுறை முழுமையாகப் பங்கிட்டுக்கொள்வதாகக் கொள். அத்துண்டின் தடிப்பே தட்டு உயரம். இதுவே அக்கணக்கின் சாரம்.

மாணவ நேயர்களுக்காக இதைச் சற்று விளக்குகிறேன். ஓட்டப்பந்தயம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். சிவப்புச் சட்டைப் பிள்ளைகள் நூறு பேர், நீலச் சட்டைப் பிள்ளைகள் நூறு பேர், ஒரே கோட்டிலிருந்து ஓடுகிறார்கள். சிவப்பு அணி சராசரியாகச் சற்று விரைவு. ஓடும் தூரத்தை நான்கு மடங்காக்கினால் இரு அணிகளின் இடைவெளியும் நான்கு மடங்காகும். ஆனால் ஒவ்வோர் அணியும் நீண்டு சிதறுவது நான்கு மடங்கு ஆவதில்லை. ஒரு பிள்ளை ஒருமுறை தடுக்கினால் மறுமுறை முந்துவான். தற்செயலான இவ்வேற்றத் தாழ்வுகள் ஓரளவு ஒன்றையொன்று ஈடுசெய்யும். ஆதலால் சிதறல் இரு மடங்குதான் ஆகும். வண்ணப்பிரிகையிலும் இதே கணக்கு. விலகல் நீளத்தோடு வளரும்; விரிவு நீளத்தின் வர்க்கமூலத்தோடு வளரும். அதனால்தான் நீண்ட குழாயில் பிரிப்பு நடக்கிறது.

இன்று ஆய்வுக்கூடத்தில் தட்டுகளை எண்ணுவதும் எளிது. ஒரு பொருள் குழாயை விட்டு வெளிவரும் நேரத்தை, அதன் பட்டை கடக்க எடுக்கும் நேரத்தால் வகுத்து, அதன் வர்க்கத்தை 16-ஆல் பெருக்க வேண்டும். பட்டை 10-ஆவது நிமிடத்தில் வந்து, அதன் அடியகலம் 1 நிமிடமாக இருந்தால் 1,600 தட்டுகள். அடியகலம் அரை நிமிடமானால் 6,400 தட்டுகள். குழாயின் நீளத்தைத் தட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் தட்டு உயரம். உயரம் சிறிதானால் பட்டை ஒடுங்கியது. பெரிதானால் பட்டை விரிந்தது. விரிதல் என்னும் தீமைக்கு முதன்முறையாக ஓர் எண் கிடைத்தது!

மார்ட்டினும் சிஞ்சும் இவற்றையெல்லாம் 1941-ஆம் ஆண்டு உயிர் வேதியியல் இதழில் வெளியிட்டனர். அக்கட்டுரையில், போகிற போக்கில், இரண்டு செய்திகளையும் சொல்லி வைத்தனர். ஒன்று, ஓடும் பொருள் திரவமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை; ஆவியாகவும் இருக்கலாம் என்பது. மற்றொன்று, மிகச் சிறிய தட்டு உயரம் வேண்டுமானால், மிகச் சிறிய மணிகளைக் குழாயில் அடைத்து, மிகுந்த அழுத்தத்தில் திரவத்தைச் செலுத்த வேண்டும் என்பது. பின்னாளில் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களை நிறைத்த இருபெரும் கருவிகளும் இந்த இரண்டு வாக்கியங்களுக்குள் அடங்கிக் கிடந்தன.

ஆனால் வாக்கியங்கள் கிடந்தன, கருவிகள் வரவில்லை. உலகம் போரில் மூழ்கியிருந்தது. அந்த இதழைப் படித்தவர்களோ உயிர் வேதியியலார். அவர்களுக்கு அமினோ அமிலம் வேண்டும். ஆவியோடு அவர்களுக்கு என்ன வேலை? ஆவிகளோடு அன்றாடம் போராடிய பெட்ரோலியத் துறையினர் அந்த இதழைப் புரட்டியிருக்க மாட்டார்கள். ஒரு துறையின் விடை இன்னொரு துறையின் அலமாரியில் தூங்குவது அறிவியலில் புதிதன்று.

ஏறத்தாழ பத்தாண்டுகள் கழித்து மார்ட்டினே முதல் செய்தியைக் கையில் எடுத்தார். அந்தோணி ஜேம்சு என்பவருடன் சேர்ந்து, இலண்டனின் தேசிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில், ஆவியாகக்கூடிய கொழுப்பு அமிலங்களை நைட்ரஜன் வாயுவின் ஓட்டத்தில் பிரித்துக் காட்டினார். அக்கட்டுரை 1952-ஆம் ஆண்டு வெளிவந்தது. அதே ஆண்டு மார்ட்டினுக்கும் சிஞ்சுக்கும் வேதியியல் நோபெல் பரிசு கிடைத்தது. இன்று பாமாயிலில் பால்மிட்டிக் அமிலம் எவ்வளவு, ஒலியிக் அமிலம் எவ்வளவு என்று ஆய்வுக்கூடங்கள் சொல்வது, இந்த வழியில் பிறந்த வாயு வண்ணப்பிரிகையால்தான்.

இப்பொழுது பெட்ரோலியத் துறை விழித்துக்கொண்டது. அவர்களுக்குத் தட்டு உயரம் நன்றாகப் புரிந்தது. ஆனால் ஒரு குறையும் தெரிந்தது. தட்டுக் கணக்கு, பட்டை எவ்வளவு விரிந்தது என்று சொல்லும். ஏன் விரிந்தது என்று சொல்லாது. காய்ச்சல் எத்தனை டிகிரி என்று வெப்பமானி சொல்கிறது. என்ன நோய் என்று சொல்வதில்லை அல்லவா? உண்மையில் குழாயினுள் தட்டு ஏதும் இல்லை. பொருள்கள் எந்த இடத்திலும் நின்று நிதானமாகப் பங்கிட்டுக்கொள்வதும் இல்லை. ஓட்டம் ஓயாமல் அவற்றை இழுத்துக்கொண்டே போகிறது.

நோயைக் கண்டு சொன்னவர்கள் ஷெல் நிறுவனத்தில் பணிபுரிந்த வான் டீம்டர், சைடர்வேக், கிளிங்கன்பெர்க் என்னும் மூவர். அவர்களுடைய கட்டுரை 1956-இல் வந்தது. பட்டை விரிவதற்கு மூன்று காரணங்கள் என்றனர். அவற்றை நம் ஊர் இரவுச் சந்தையை வைத்து எளிதாக விளங்கிக்கொள்ளலாம்.

நண்பர்கள் ஐம்பது பேர் ஒன்றாகச் சந்தைக்குள் நுழைகிறீர்கள். மறுமுனையில் எல்லாரும் ஒன்றாகவே வெளிவர வேண்டும் என்பது விருப்பம். முடியுமா? முதலாவதாக, கடைகளுக்கு இடையே பல சந்துகள். சிலர் நேர்ச்சந்தில் போவார்கள். சிலர் சுற்றுச்சந்தில் போவார்கள். குழாயிலும் மணிகளுக்கிடையே பல வழிகள். மணி பெரிதாகவும் ஒழுங்கற்றும் இருந்தால் வழிகளின் வேறுபாடும் மிகுதி.

இரண்டாவதாக, கூட்டம் மிக மெதுவாக நகர்ந்தால், ஆளுக்கு ஆள் முன்னும் பின்னும் உலாவத் தொடங்கிவிடுவார்கள். அடைத்த அறையில் சாம்பிராணிப் புகை தானே பரவுவது போல, மூலக்கூறுகளும் தாமாகவே பரவும். நேரம் கொடுத்தால் பரவல் வளரும். ஆகவே ஓட்டம் மெதுவானால் இத்தீமை கூடும்.

மூன்றாவதாக, ஒருவர் கடையில் நின்று விலை கேட்கிறார். அதற்குள் நண்பர்களைக் கூட்டம் தள்ளிக்கொண்டு போய்விடுகிறது. அவர் திரும்பி வந்து சேரும்போது பின்தங்கிவிட்டார். குழாயில் மூலக்கூறு ஒன்று நிற்கும் திரவத்திற்குள் புகுந்து வெளிவரச் சற்று நேரம் பிடிக்கிறது. அதற்குள் ஓடும் திரவத்தில் இருந்தவை முன்னேறிவிடுகின்றன. ஓட்டம் விரைவானால் இத்தீமை கூடும்.

பார்த்தீர்களா? மெதுவாக ஓடினாலும் தீமை. விரைந்து ஓடினாலும் தீமை. தட்டு உயரத்தை ஓட்ட வேகத்திற்கு எதிராக வரைந்தால், அது முதலில் இறங்கி, ஒரு பள்ளத்தைத் தொட்டு, பிறகு ஏறும். அந்தப் பள்ளமே அக்குழாய்க்கு ஏற்ற வேகம். வான் டீம்டர் சமன்பாடு என்று உலகெங்கும் மாணவர்கள் படிப்பது இதைத்தான். முதல் உறுப்பு வேகத்தைப் பொறுத்ததன்று; இரண்டாவது வேகத்தால் வகுபடும்; மூன்றாவது வேகத்தால் பெருகும். இவ்வளவுதான் அதன் வடிவம். ஆனால் அதன் பயன் பெரிது. மூன்று பகைவர்களின் முகவரியும் தெரிந்துவிட்டது. இனி ஒவ்வொருவரையும் தனித்தனியே எதிர்க்கலாம்.

முதல் பகைவனை அடியோடு ஒழித்தவர் மார்சல் கோலே. சுவிட்சர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் பணிபுரிந்தவர். செய்தித் தொடர்புத் துறையில் கணிதத்தால் பெயர் பெற்றவர். தந்திக் கம்பியில் செல்லும் சைகை மங்குவதற்கும் குழாயில் செல்லும் பட்டை விரிவதற்கும் கணிதத்தில் உறவு இருப்பதை அவர் கண்டார். மணிகளால்தானே பல சந்துகள்? மணிகளே வேண்டாம் என்றார். மயிரிழை போன்ற நுண்குழாயின் உட்சுவரில் மட்டும் திரவத்தை மெலிதாகப் பூசினார். ஒரே சந்து, ஒரே வழி. 1958-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் மாநாட்டில் இதன் கணக்கை விளக்கினார். அவருடைய சமன்பாட்டில் முதல் உறுப்பே இல்லை. இன்று கால் மில்லிமீட்டர் உள்விட்டமும் 30 மீட்டர் நீளமும் கொண்ட நுண்குழாய் ஒன்றில் ஏறத்தாழ ஒரு லட்சம் தட்டுகள் கிடைக்கின்றன. மார்ட்டினும் சிஞ்சும் இரவெல்லாம் விழித்துக் காத்த பொறியில் 39 என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஆனால் ஆவியாகும் பொருள்களுக்குத்தான் வாயு முறை. புரதமும், சர்க்கரையும், பல மருந்துகளும் சூடாக்கினால் சிதைந்துவிடும். அவற்றுக்குத் திரவ முறையே வேண்டும். திரவத்திலோ மூலக்கூறுகள் பரவுவது வாயுவில் பரவுவதைவிட ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவு. எனவே திரவத்தில் இரண்டாம் பகைவன் வலிமையற்றவன். மூன்றாம் பகைவனே பெரும் பகைவன். கடைக்குள் போனவர் எளிதில் வெளிவரமாட்டார். அதற்கு மருந்து என்ன? கடையைச் சிறிதாக்குவதுதான்! மணி சிறிதானால் உள்ளே போய்வரும் தூரம் குறையும். தூரம் பாதியானால் நேரம் கால் பங்காகும். மார்ட்டினும் சிஞ்சும் 1941-இல் எழுதி வைத்த இரண்டாம் செய்தி இதுதான்.

அது நடைமுறைக்கு வர ஏன் கால் நூற்றாண்டு பிடித்தது? சிறு மணிகளினூடே திரவம் எளிதில் போகாது. மணியின் விட்டத்தைப் பாதியாக்கினால், அதே வேகத்தில் செலுத்த நான்கு மடங்கு அழுத்தம் தேவை. அவ்வழுத்தத்தைச் சீராகத் தரும் பம்புகள் வேண்டும். ஒரே அளவான நுண்மணிகள் வேண்டும். அவற்றை இடைவெளியின்றி அடைக்கும் வித்தை வேண்டும். யூட்டா பல்கலைக்கழகத்தின் கால்வின் கிடிங்ஸ் 1960-களில் இக்கணக்குகளைத் தெளிவாக்கினார். 1965-இல் வந்த அவருடைய நூல் இத்துறைக்கு அடிப்படை நூலாயிற்று. யேல் பல்கலைக்கழகத்தில் சாபா ஓர்வாத் அதே பத்தாண்டில் உயர் அழுத்தத் திரவக் கருவியை அமைத்தார். அவர் கையாண்டவை மேலே மட்டும் மெல்லிய பூச்சுள்ள கண்ணாடி மணிகள். 1970-களின் தொடக்கத்தில் 10 மைக்ரோன் மணிகளும், பிறகு 5 மைக்ரோன் மணிகளும் வந்தன. ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

எடின்பரோவைச் சேர்ந்த ஜான் நாக்ஸ் அப்போது ஒரு நல்ல யோசனை சொன்னார். தட்டு உயரத்தை மில்லிமீட்டரில் சொல்வதைவிட, எத்தனை மணிகளின் உயரம் என்று சொல்லுங்கள் என்றார். மிக நன்றாக அடைத்த குழாயில் தட்டு உயரம் ஏறத்தாழ இரண்டு மணிகளின் உயரம். அதற்கு மிகுந்தால் குறை அடைத்த முறையில் என்று அறியலாம். இக்கணக்கின்படி 5 மைக்ரோன் மணி நிரப்பிய 25 சென்டிமீட்டர் குழாயில் 25,000 தட்டுகள் வரை எதிர்பார்க்கலாம்.

2004-ஆம் ஆண்டு 1.7 மைக்ரோன் மணிகளும், ஆயிரம் மடங்கு காற்றழுத்தத்தைத் தாங்கும் கருவியும் விற்பனைக்கு வந்தன. மணி மூன்றில் ஒரு பங்கானால் அதே தட்டுகளுக்கு மூன்றில் ஒரு பங்கு நீளம் போதும். வேகமும் மூன்று மடங்காக்கலாம். ஆக, 45 நிமிட வேலை 5 நிமிடத்தில் முடியும். அதற்கு விலை ஒன்பது மடங்கு அழுத்தம். 1941-இல் ஒரே வாக்கியத்தில் சொன்னது, 60 ஆண்டுகளுக்குப் பிறகும் புதிய கருவிகளைப் பிறப்பித்துக்கொண்டிருந்தது. மார்ட்டின் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர், 2002-இல், தம் 92-ஆம் வயதில் காலமானார். சிஞ் 1994-இல் மறைந்துவிட்டார்.

நேயர்களே, பட்டை விரிந்தால் என்ன, ஒடுங்கினால் என்ன என்று எண்ணிவிடாதீர்கள். மருந்து மாத்திரை ஒன்றில் வேண்டாத வேறொரு பொருள் ஆயிரத்தில் ஒரு பங்கு கலந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மருந்தின் பட்டை விரிந்திருந்தால் அந்தச் சிறு பட்டை அதன் நிழலில் மறைந்துவிடும். ஆய்வாளர் பார்ப்பார், மருந்து தூயது என்று கையெழுத்திடுவார். பட்டை ஒடுங்கியிருந்தால் அக்கலப்பு தனியே தலை நீட்டும். இரத்தத்தில் உள்ள ஒரு நச்சும், காய்கறியில் எஞ்சிய ஒரு பூச்சிமருந்தும் இப்படியே. தட்டு உயரத்தில் குறையும் ஒவ்வொரு பங்கும், மறைந்திருந்த ஒன்றை வெளிச்சத்திற்குக் கொண்டுவருகிறது.

முடிவாக ஒன்று. குழாயினுள் தட்டு இல்லை என்பது மார்ட்டினுக்கும் தெரியும். வான் டீம்டருக்கும் தெரியும். இன்று கருவியை இயக்கும் இளம் ஆய்வாளருக்கும் தெரியும். இருந்தும் புதிய குழாய் ஒன்றை வாங்கியவுடன் அவர் முதலில் பார்ப்பது அதன் தட்டு எண்ணிக்கையைத்தான். காரணம், அது நல்ல அளவுகோல். அறிவியலில் ஒரு கற்பனை, உண்மையாக இருப்பதால் மட்டும் பயன் தருவதில்லை. எதை அளக்க வேண்டும் என்று காட்டினாலும் பயன் தரும். எந்த இடத்தில் அது கற்பனை என்பதை மறவாதிருந்தால் போதும். தட்டைக் கற்பனை செய்தவர்கள் விரிதலை அளந்தார்கள். அது கற்பனை என்பதை மறவாதவர்கள், விரிதலின் காரணத்தைக் கண்டார்கள். இரு சாராரும் சேர்ந்தே இக்கலையை வளர்த்தனர்.

வீட்டில் அந்த மைப் புள்ளிச் சோதனையைச் செய்து பாருங்கள். நிறங்கள் பிரிவதைப் பிள்ளைகள் பார்த்து வியப்பார்கள். அவை ஏன் விரிந்தன என்றும் அவர்களைக் கேளுங்கள்.